மீன் எழும்புகிறது, என் ஃப்ளையை மட்டும் தொடவில்லை: ஏன்?

கேட்டவர் டில்லி முனிர்க்காவில் இருக்கிறார். ஏப்ரல் நடுவில் இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு டிரவுட் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். மாலை நாலு மணிக்கு மேல் ஆற்றில் வட்டம் வட்டமாக மீன் எழும்பியதாம். சாம்பல் நிறச் சிறகோடு சின்னச் சின்னப் பூச்சிகள் தண்ணீரில் மிதந்து போயினவாம். கையிலிருந்த ஃப்ளைகளில், அதாவது கொக்கியில் இறகும் மயிரும் கட்டிப் பூச்சி போலச் செய்த போலி இரைகளில், எட்டை மாற்றி மாற்றிக் கட்டி வீசியும் ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "எந்த ஃப்ளை வாங்க வேண்டும்? எந்த மாதம் எந்தப் பூச்சி வரும் என்று இமயமலைக்கு அட்டவணை உண்டா? ஊருக்குப் போகும்போது ஊட்டிப் பக்கமும் முயலலாமா?" என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவரை உண்மையில் உறுத்துவது நான்காவது கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணெதிரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மீன், நான் கொடுப்பதை மட்டும் ஏன் சாப்பிடவில்லை என்பதுதான் அது. அதைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்றும் தாமாகவே அவிழும்.

நான் விலங்கியல் படித்தவன். ஓடைப் பூச்சிகளைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். பிறகு டில்லியில் கல்லூரி ஆசிரியராக இருபத்தாறு ஆண்டுகள். விடுமுறை கிடைத்தால் காஷ்மீரி கேட்டில் இரவு பஸ் பிடித்து, விடியற்காலையில் ஔட்டில் இறங்கி, பஞ்ஜார் வழியாகத் தீர்த்தனுக்குப் போய்விடுவேன். பூச்சி பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி பாடப்புத்தகத்தில் உறுதிப்பட்ட செய்தி. மீன்பிடிப்பது பற்றிச் சொல்வது ஆற்றங்கரையில் நின்று கற்றது. அதற்கு என் அனுபவம் மட்டுமே சாட்சி. எது எந்த வகை என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

பூச்சிகள் இப்படிக் கும்பலாக நீர்மேல் வருவதை ஆங்கிலத்தில் ஹேட்ச் என்கிறார்கள். முட்டையிலிருந்து குஞ்சு பொரிப்பது போல ஒலிக்கும் இந்தச் சொல் பலரைக் குழப்புகிறது. நம் மொழியில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. முதல் மழை பெய்த மாலை புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் "ஈசல் புறப்பட்டுவிட்டது" என்போம் அல்லவா, அதே புறப்பாடுதான் இது. பூச்சி முட்டையிலிருந்து பிறந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். அவ்வளவு காலமும் ஆற்றடியில், கல்லுக்கு அடியில், தண்ணீருக்குள்ளேயே செவுளால் மூச்சுவிட்டு வாழ்ந்திருக்கும். ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஆயிரக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து சிறகு விரித்துப் பறந்துபோகும். ஈசலுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. ஆனால் காரணம் ஒன்றுதான். சிறகோடு பறக்கும் காலம் மிகக் குறைவு என்பதால் துணை கிடைக்க எல்லாரும் ஒரே வேளையில் வெளியே வந்தாக வேண்டும். இப்படிக் கும்பலாக வந்தால் தின்ன வரும் வாய்கள் தின்றதுபோக மீதி தப்பிக்கும். ஈசல் புறப்பட்ட மாலையில் காகமும் பல்லியும் தவளையும் கூடுவதுபோல, ஆற்றில் டிரவுட் கூடுகிறது.

நீங்கள் பார்த்த சாம்பல் நிறப் பூச்சி பெரும்பாலும் மேஃப்ளை. மிதக்கும்போது சிறகை முதுகுக்கு மேலே பாய்மரம் போல நிமிர்த்தி வைத்திருந்தால், பின்புறம் மயிரிழை போல இரண்டோ மூன்றோ வால் இருந்தால், சந்தேகமே வேண்டாம். இதன் வாழ்க்கை வினோதமானது. கல்லடியில் வாழும் இளம்பூச்சியை நிம்ஃப் என்கிறோம். அது பலமுறை தோலுரித்து வளர்கிறது. கடைசியில் நீர்மட்டத்துக்கு வந்து, முதுகுத் தோல் வெடித்து, மங்கலான சிறகோடு வெளியே வருகிறது. ஆனால் அதுவும் முடிவான உருவம் அன்று. கரையோர இலையிலோ சுவரிலோ போய் உட்கார்ந்து, சிறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கிறது. இன்று வாழும் பூச்சிகளில் சிறகு வந்தபின் தோலுரிப்பது மேஃப்ளை இனம் ஒன்றே. வளர்ந்த மேஃப்ளைக்குச் சாப்பிடும் வாயும் கிடையாது. நிம்ஃபாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டே இணைசேர்ந்து, முட்டையிட்டு, முடிந்துவிடும்.

இதை ஒரு முறை மிக அருகில் பார்த்தேன். தீர்த்தன் கரையிலுள்ள குஷைனியில் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில், மாலையில் குடித்துவிட்டு வைத்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் ஒரு மேஃப்ளை வந்து உட்கார்ந்தது. அழுக்குச் சாம்பல் நிறம், ஈரத் துணி போன்ற சிறகு. அதை எழுப்ப மனமில்லாமல் டம்ளரை அப்படியே உள்ளே எடுத்து வைத்தேன். விடியற்காலை நான் விழித்தபோது அது அசைய ஆரம்பித்திருந்தது. முதுகில் ஒரு கோடு விழுந்தது. அந்தப் பிளவு வழியாக மார்பு வந்தது, பிறகு கால்கள், பிறகு சிறகு. உறையிலிருந்து வாளை உருவுவதுபோலச் சிறகைச் சிறகுக்குள்ளிருந்தே உருவியது. கடைசியாக வால்களை இழுத்தது. உரித்த தோல் டம்ளர் விளிம்பிலேயே நின்றது, கால் நகம் வரை ஒரு பூச்சியின் முழு அச்சாக. பக்கத்தில் நின்ற புதுப் பூச்சிக்குச் சிறகு கண்ணாடி போல இருந்தது. வால் முன்பைவிட மிக நீளம். உடம்பு செம்பழுப்பில் மின்னியது. சன்னலைத் திறந்ததும் போய்விட்டது. அந்தத் தோலை இன்னும் ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரே பூச்சி மீனுக்கு நான்கு வெவ்வேறு உணவாகத் தெரிகிறது. கல்லைவிட்டு அடித்துச் செல்லப்படும் நிம்ஃப் ஒன்று. மேலே வந்து நீர்த்தோலில், அதாவது நீர்மட்டத்தின் மெல்லிய படலத்தில், சிக்கி, பாதி உரிந்தும் பாதி உரியாமலும் தத்தளிக்கும் நிலை இரண்டு. சிறகை நிமிர்த்தி மிதக்கும் சாம்பல் பூச்சி மூன்று. முட்டையிட்டு முடித்துச் சிறகை இருபுறமும் விரித்து விழுந்து கிடக்கும் உயிரற்ற பூச்சி நான்கு. உங்கள் கண்ணுக்குப் பட்டது மூன்றாவது மட்டுமே, ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் அதுதான் தெரியும். மீன் தின்றுகொண்டிருந்தது இரண்டாவது நிலை என்று நான் நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன்? இங்கே கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். டிரவுட் ஓடுநீரில் நின்று உண்ணும் மீன். ஒவ்வொரு வாய்க்கும் அது செலவழிக்கும் தெம்பு, கிடைக்கும் உணவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சிறகு நிமிர்ந்த பூச்சி எந்த நொடியும் பறந்துவிடலாம். தோலுக்குள் பாதி மாட்டிக்கொண்ட பூச்சி எங்கும் போகாது. அதனால் புறப்பாடு நடக்கும்போது மீன் பெரும்பாலும் நீர்த்தோலுக்குச் சற்றுக் கீழே நின்று, சிக்கியதையே பொறுக்குகிறது. இதைக் கரையிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மீன் எழும்பி அடங்கிய வட்டத்தில் நீர்க்குமிழி மிதந்தால், அது மேல்மட்டத்தில் வாய் திறந்து காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. அப்போது மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. குமிழியே இல்லாமல் முதுகோ வால்துடுப்போ மட்டும் புரண்டு தெரிந்தால் வாய் தண்ணீருக்குள்ளேயே இருந்தது என்று பொருள். நீங்கள் அனுப்பிய விவரத்தில் "முதுகு தெரிந்தது, தலை தெரியவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிதான் என் பதிலுக்கு ஆதாரம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இமயமலை ஆறுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. வேகமான, கூழாங்கல் நிறைந்த நீரில் எபியோரஸ் என்ற மேஃப்ளை வகை வாழ்கிறது. தட்டையான உடம்பு, கல்லோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற மேஃப்ளைகள் நீர்மட்டத்தில் தோலுரிக்க, இந்த வகையில் பல ஆற்றடியிலேயே தோலுரித்துவிட்டு, சிறகோடு தண்ணீருக்குள் மிதந்து மேலே வருகின்றன. அப்படியென்றால் மீன் தண்ணீருக்கு நடுவிலேயே சிறகுள்ள பூச்சியைப் பார்க்கிறது. மூழ்கிப் போகும் வெட் ஃப்ளை என்ற பழைய வகைக்குச் சில மாலைகளில் மட்டும் ஏன் அவ்வளவு மீன் விழுகிறது என்பது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. எபியோரஸின் இந்தப் பழக்கம் அதற்கு ஒரு காரணம் என்று இப்போது நம்புகிறேன். பூச்சியின் பழக்கம் நிறுவப்பட்ட உண்மை. மீன் விழுவதற்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம்.

மேஃப்ளை மட்டும்தான் பூச்சி என்று எண்ண வேண்டாம். காடிஸ் என்றொரு கூட்டம் உண்டு. உட்காரும்போது சிறகைக் கூரைவீட்டு ஓடு போலச் சாய்த்து மூடிக்கொள்ளும். சின்ன அந்துப்பூச்சி என்றே தோன்றும். இதன் புழு பட்டுநூல் சுரந்து மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கொரு குழாய்வீடு கட்டிக்கொள்கிறது. வீடு கட்டாத சில வகைகள் கற்களுக்கு நடுவே வலை பின்னி, நீர் கொண்டுவரும் துணுக்குகளைப் பிடித்துத் தின்கின்றன. ஒரு நண்பர் சமைக்கப் பிடித்த மீனின் இரைப்பையைக் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே கைப்பிடி மணல். மீன் ஏன் மண் தின்றது என்று கேட்டார். தண்ணீரில் அலசிப் பார்த்தால் ஒவ்வொரு மணற்குழாய்க்குள்ளும் ஒரு புழு. வீட்டோடு விழுங்கியிருந்தது. காடிஸ் கூட்டுப்புழு நிலையிலிருந்து மேலே வரும்போது வேகமாக நீந்தும். அதைத் துரத்தும் மீன் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு எழும்பும். அமைதியான வட்டத்துக்குப் பதில் சளப்பென்று சத்தம் கேட்டால் காடிஸை நினையுங்கள்.

ஸ்டோன்ஃப்ளை பெரிய பூச்சி, ஆனால் அது நீர்நடுவில் புறப்படுவதில்லை. கரைக்கல்லின் மேல் ஊர்ந்து ஏறி அங்கே தோலுரிக்கும். கரையோரப் பாறைகளில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோல்கள் அதனுடையவை. கொசு போன்ற, கடிக்காத மிட்ஜ் என்னும் சிறு பூச்சிகள் எல்லா நீரிலும் உண்டு, யமுனையின் கறுத்த தண்ணீரிலும் உண்டு. ஓக்லா பக்கம் மாலையில் தலைக்கு மேல் தூண் போலச் சுழல்வது அவைதான். அவற்றில் சில வகைப் புழுக்களுக்கு ஹீமோகுளோபின் இருப்பதால் பிராணவாயு குறைந்த சேற்றிலும் பிழைக்கின்றன, உடம்பும் சிவந்திருக்கும். மேஃப்ளையும் ஸ்டோன்ஃப்ளையும் அப்படிப் பிழைக்காது. ஆற்றின் உடல்நலத்தை அளக்க உலகெங்கும் இந்தப் பூச்சிகளை எண்ணுவது அதனால்தான். முனிர்க்காவிலிருந்து அரை மணிப் பயணத்தில் யமுனை ஓடுகிறது. ஆனால் ஒரு மேஃப்ளையைப் பார்க்க நீங்கள் இரவெல்லாம் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

இனி உங்கள் ஃப்ளை. எட்டு வகை மாற்றினீர்கள். எட்டையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே மாதிரி வீசினீர்கள் என்று நினைக்கிறேன். நான் பார்த்த வரையில் மீன் மறுப்பதற்கு முதல் காரணம் ஃப்ளையின் வகை அன்று, அது மிதக்கும் விதம். உண்மையான பூச்சி நீரோட்டம் போகும் வேகத்திலேயே போகும். உங்கள் ஃப்ளை நூலில் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மீன் நிற்கும் இடத்துக்கும் நடுவில் வேகமான நீர்த்தாரை ஒன்று இருந்தால், அது நூலை முன்னே இழுத்துச் செல்லும். நூல் ஃப்ளையை இழுக்கும். ஃப்ளையின் பின்னால் படகுக்குப் பின்னால் விழுவது போல மெல்லிய கோடு விழும். நமக்கு அது தெரியாமலே போகலாம். மீனுக்குத் தெரியும். எந்தப் பூச்சியும் நீரைக் கிழித்துக்கொண்டு அப்படிப் போகாது.

மீன் கீழிருந்து பார்க்கும் விதத்தையும் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலுலகம் மீனுக்கு ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான் தெரிகிறது. அந்தச் சன்னலின் விரிவு ஏறக்குறைய 97 பாகை. அதற்கு வெளியே நீர்மட்டம் முழுக்கக் கண்ணாடி போல ஆற்றடியையே காட்டுகிறது. மிதந்து வரும் பூச்சி சன்னலுக்குள் வருமுன், அதன் கால்கள் நீர்த்தோலை அழுத்திய பள்ளங்கள் அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக மின்னும். மீனுக்கு வரும் முதல் தகவல் அதுவே. நிறம் பிறகுதான். ஆகவே அளவும், நீரில் உட்காரும் விதமும், இழுபடாமல் மிதப்பதும் முதலில், நிறம் கடைசியில் என்பது என் வரிசை. நிறத்தை முதலில் வைக்கும் நல்ல மீன்பிடிகாரர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

செய்ய வேண்டியது இது. மீனுக்கு நேர் குறுக்காகத் தூரத்திலிருந்து வீசாமல், கீழ்நீர்ப் பக்கமாகச் சென்று, மெல்ல நெருங்கி, குறுகிய நூலோடு வீசுங்கள். கோலை உயர்த்திப் பிடித்து, நடுவிலுள்ள வேகத் தாரையின் மேல் நூல் படாமல் பாருங்கள். தீர்த்தன் போன்ற உருட்டுப் பாறை ஆற்றில் பாறை மறைவு கிடைப்பதால் ஐந்தாறு மீட்டர் வரைகூட நெருங்கலாம். நுனி நூல் மெல்லியதாக இருக்கட்டும். 5எக்ஸ் என்று கடையில் சொல்வது சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமன். மிதக்கும் சாம்பல் ஃப்ளை எடுபடவில்லை என்றால் அதைக் கழற்றாமல், அதன் கொக்கியிலிருந்தே ஒரு சாண் நூல் விட்டு, சின்ன நிம்ஃப் ஒன்றைக் கட்டுங்கள். மேலே மிதப்பது தக்கையாகும், கீழே போவது இரையாகும். ஊரில் குளத்தங்கரையில் தக்கைத் தூண்டில் போட்டிருப்பீர்களே, அதே கணக்கு.

எந்த ஃப்ளை வாங்குவது என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். கொக்கி எண் கூடக்கூட அளவு சிறிது என்பதை நினைவில் வையுங்கள். சாம்பல் நிற மிதப்புக்கு ஆடம்ஸ் அல்லது பாராசூட் ஆடம்ஸ், 14, 16, 18 எண்களில். காடிஸுக்கு எல்க் ஹேர் காடிஸ், 14, 16. தண்ணீருக்குள் போக ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், 14 முதல் 18 வரை. இங்கிலாந்தில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கிய வகை இது. நூல்கூட இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பியையே கட்டும் நூலாகவும் எடையாகவும் பயன்படுத்தியவர் அவர். இந்த மூன்றும், முயல் மயிரில் செய்த ஒரு நிம்ஃபும் இருந்தால் தீர்த்தனுக்கும் பரோட்டில் ஓடும் ஊல் ஆற்றுக்கும் போதும். நீங்களே கட்டிப் பழகுவது மேல். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். பழைய ஆங்கிலேய ஃப்ளைகளில் நம் தென்னாட்டுக் காட்டுக்கோழியின் கழுத்திறகு, அந்த மெழுகுப் புள்ளி வைத்த இறகு, மிகவும் விரும்பப்பட்டது. இன்றும் யாராவது "அசல் இறகு" என்று காட்டுவார்கள். அந்தப் பறவை 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிறது. தொடாதீர்கள். வீட்டுச் சேவலின் கழுத்திறகே இந்த வேலைக்கு அழகாகப் போதும்.

அட்டவணைக்கு வருகிறேன். வெளிநாட்டு அட்டவணையை நம்பி என் முதல் சில பருவங்களை இழந்தேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பூச்சி நாட்காட்டி பார்த்துப் புறப்படுவதில்லை. நிம்ஃபின் வளர்ச்சி தண்ணீர் வெப்பத்தைப் பொறுத்தது. நாள்தோறும் கிடைக்கும் வெப்பம் சேர்ந்து சேர்ந்து ஓர் அளவை எட்டும்போது அது முதிர்கிறது. பகல் நீளமும் பல வகைகளில் பங்கு கொள்கிறது. அதனால் ஒரே வகைப் பூச்சி பள்ளத்தாக்கின் கீழே முன்னதாகவும், மேலே போகப் போகப் பின்னதாகவும் புறப்படும். லார்ஜியில் முடிந்தது குஷைனியில் நடக்கும், குஷைனியில் முடிந்தது அதற்கு மேலே தொடங்கும். அமெரிக்க அட்டவணையில் "மே முதல் வாரம்" என்று இருந்தால் அது அந்த ஆற்றின் உயரத்துக்கும் பனிக்கும் உரியது. பனி உருகும் நீரும் பருவமழையும் சேர்ந்து ஆளும் நம் ஆற்றுக்கு அது எப்படிப் பொருந்தும்? அட்டவணையில் உள்ள இனங்களும் பெரும்பாலும் இங்கே வாழ்பவை அல்ல. குடும்பங்கள்தான் பொது.

நான் குறிப்பேட்டில் எழுதி வந்ததிலிருந்து தீர்த்தனின் ஆண்டு ஏறத்தாழ இப்படி. மார்ச்சில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது நடுப்பகல்தான் நல்ல நேரம், அந்த இரண்டு மணி நேரத்தில் சிறிய மேஃப்ளைகள் வரும். ஏப்ரலில் அது பிற்பகலுக்கு நகரும். மே மாதத்தில் மாலை மங்கும் வேளைக்குப் போகும், காடிஸ் கூடும். மே பாதிக்கு மேல் பனி உருகி வரும் நீர் பிற்பகலில் கலங்கும், அப்போது விடியற்காலையே மேல். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழைநீர். அக்டோபரில் தண்ணீர் தெளிந்து, மீண்டும் நடுப்பகல். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய இமாச்சலத்தில் டிரவுட் பிடிக்கத் தடை. மீன் முட்டையிடும் காலம் அது. மேகம் மூடிய, லேசாகத் தூறும் நாளை வீணென்று நினைத்து அறையில் இருந்துவிடாதீர்கள். ஈரக் காற்றில் சிறகு உலர நேரமாவதால் பூச்சி நீரில் அதிக நேரம் மிதக்கும். என் குறிப்பேட்டின் சிறந்த நாட்கள் பல குடை பிடித்த நாட்கள்தான். இது ஓர் ஆற்றில் ஒருவன் எழுதிய குறிப்பு என்பதை மறக்காமல், உங்கள் குறிப்பைத் தொடங்க ஒரு படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பை எப்படித் தொடங்குவது? ஆற்றுக்குப் போனதும் தூண்டிலைக் கட்டாதீர்கள். முழங்கால் அளவு நீரில், நீர் நுரைத்து ஓடும் இடத்தில் ஒரு கல்லை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழைய கொசுவலைத் துண்டை இரண்டு குச்சிக்கு நடுவே கட்டி, கீழ்நீர்ப் பக்கம் பிடித்துக்கொண்டு, மேலே காலால் கல்லைக் கிளறினாலும் போதும். கிடைத்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறிது தண்ணீரோடு விடுங்கள். வெள்ளைப் பின்னணியில்தான் பூச்சி தெரியும். வயிற்றின் இருபக்கமும் இலை போலச் செவுள் துடித்தால் மேஃப்ளை. "மூன்று வால் மேஃப்ளை, இரண்டு வால் ஸ்டோன்ஃப்ளை" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இமயமலையில் இந்தச் சூத்திரம் ஏமாற்றும். முன்பு சொன்ன எபியோரஸுக்கு இரண்டே வால். காலின் நுனியைப் பாருங்கள். மேஃப்ளைக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு. முதுகில் சிறகு முளைக்கும் பை கறுத்திருந்தால் அந்த நிம்ஃப் இன்றோ நாளையோ புறப்படப் போகிறது. அந்த அளவைத்தான் ஃப்ளையாகக் கட்ட வேண்டும். எந்த அட்டவணையும் தராத தகவல் இது. பார்த்து முடித்ததும் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விடுங்கள், கல்லையும் புரட்டியபடியே விடாமல் பழையபடி வையுங்கள். கண்ணால் பார்த்து இன்ன இனம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். குடும்பம் வரை கண்ணாடி வில்லையால் சொல்லலாம், அதற்கு மேல் நுண்ணோக்கி வேண்டும். மீன் பிடிக்கக் குடும்பமே போதும்.

ஊட்டிப் பக்கம் பற்றி. நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவரும் முயற்சி 1860களிலேயே தொடங்கியது, பலமுறை தோற்றது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் 1907இல் வந்த பிறகுதான் நிலைத்தது. அங்கே நிலைத்தது பெரும்பாலும் ரெயின்போ டிரவுட். இமாச்சலத்து ஆறுகளில் பிரவுன் டிரவுட். பூச்சி விஷயத்தில் பெரிய வேறுபாடு உண்டு. நீலகிரியில் இமயம் போல உறைபனிக் குளிர்காலம் நீளாது. வெப்பமண்டல மலையோடைகளில் பல பூச்சிகள் ஆண்டுக்குப் பல தலைமுறை காண்கின்றன, புறப்பாடும் ஒரே நாளில் குவியாமல் ஆண்டு முழுக்கச் சிதறி நடக்கிறது. ஆகவே தீர்த்தனில் நீங்கள் பார்த்தது போன்ற பெருங்கூட்டத்தை அங்கே எதிர்பார்க்காமல், சிறு நிம்ஃபை நம்பிப் போங்கள். அந்தப் பகுதியில் பெரும்பாலானவை காப்புக்காடுகள். வனத்துறை, மீன்வளத்துறை இரண்டிடமும் கேட்டுச் சீட்டு இல்லாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். இமாச்சலத்திலும் மீன்வளத்துறை உரிமம் கட்டாயம்.

இன்னும் ஒன்று. பிரவுன் டிரவுட் இமயத்தின் பிள்ளை அன்று. காஷ்மீருக்கு 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளும், அங்கிருந்து 1909இல் குல்லுவுக்கு வந்தவையும்தான் இன்று நாம் துரத்தும் மீனின் மூதாதையர். அந்த ஆறுகளின் சொந்த மீன் ஸ்னோ டிரவுட். பெயரில்தான் டிரவுட், உண்மையில் கெண்டைக் குடும்பம். கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் சாது. அது தற்செயலாக மாட்டினால் மிகக் கவனமாக நனைந்த கையால் எடுத்து, தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே விடுங்கள். டிரவுட்டை விடுவதானாலும் அதே முறைதான், கொக்கியின் உள்முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். தண்ணீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் டிரவுட்டுக்கு மூச்சுத் திணறும். பிடித்து விட்டாலும் பிழைப்பது கடினம். ஒரு சிறிய வெப்பமானி வாங்குங்கள், விலை நாலு ஃப்ளைக்கு மேல் இராது. பருவம் திறந்த மார்ச் மாதத்தில், கூழாங்கல் திட்டில் சுத்தமாகக் கழுவி விட்டது போல வெளிறிய வட்டம் தெரிந்தால் அதன் மேல் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். அதற்குள் முட்டையோ, முட்டை விட்டு வந்து இன்னும் மேலேறாத குஞ்சோ இருக்கலாம்.

அடுத்த முறை போகும்போது தட்டில் கிடைத்த நிம்ஃபைப் பக்கவாட்டில், வாலும் செவுளும் தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். நேரம், தண்ணீர் வெப்பம், வானம் எப்படி இருந்தது, மீன் எழும்பிய வட்டத்தில் குமிழி இருந்ததா என்ற நான்கையும் எழுதுங்கள். குடும்பம் எது, எந்த எண் கொக்கி என்று என்னால் சொல்ல முடியும்.